வீட்டு சோலாரும் பேட்டரியும்: பேனலை விடுங்கள், இன்வெர்ட்டரைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் சோலார் போட்டதற்குக் காரணம் அப்பாவின் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் தரும் வகை, சுமார் 350 வாட் இழுக்கும், ராத்திரி முழுக்க ஓட வேண்டும். கரண்ட் போனால் பீப் அடிக்கும். அப்பா எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் வீடே எழும். அதனால் எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: அந்த பீப் வந்ததா, இல்லையா. பில்லில் எவ்வளவு மிச்சம், போட்ட காசு எப்போது திரும்பும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும் கணக்கு. அதை வேறு யாராவது எழுதட்டும்.

மாடியில் இருப்பது 540 வாட் பேனல் பத்து. ஐந்து கிழக்குப் பார்த்து, ஐந்து மேற்குப் பார்த்து. கீழே 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், அதாவது பேனல், பேட்டரி, வெளிக் கரண்ட் மூன்றையும் சேர்த்து ஓட்டுவது. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு, சேர்த்து 10.24 யூனிட். ஒரே வரியில் தீர்ப்பு கேட்டால், சாமானுக்கு நல்ல மார்க், மாட்டிக் கொடுத்தவர்களுக்குப் பாஸ் மார்க்.

வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. மாடியில் பேனல் இருந்தால் கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வெளி லைனோடு இணைந்து ஓடும், பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு, வெளியே கரண்ட் போன உடனே தானும் அணைந்துவிடும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். லைனில் கை வைத்து வேலை செய்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாதல்லவா? நடுப்பகலில் பத்துப் பேனல் தகதகவென்று காய, கீழே மின்விசிறி நின்றிருக்கும். அது வேண்டாமென்றால் பேட்டரியும், வீட்டை வெளி லைனிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டத் தெரிந்த இன்வெர்ட்டரும் வேண்டும்.

விற்க வந்தவர் பேனலைப் பற்றியே பேசினார். எந்த வகை செல், எத்தனை சதவீதத் திறன், இருபத்தைந்து வருஷ உத்தரவாதம். நான் கேட்டது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகும் என்று. அவர் போன் போட்டுக் கேட்டுத்தான் சொன்னார்: இருபதுக்குள். எங்களுக்கு அது போதும். கரண்ட் போகும்போது விளக்கு ஒரு முறை கண் சிமிட்டுகிறது, கான்சென்ட்ரேட்டர் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்த வாக்குவாதம் பேக்கப் பற்றி, அதாவது கரண்ட் போனால் எதெல்லாம் பேட்டரியில் ஓட வேண்டும் என்பது. "மொத்த வீட்டையும் பேக்கப்பில போட்டுத் தர்றோம் மேடம், எதுக்குத் தனித் தனியா?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் என்றால் 5 கிலோவாட்தான். வாட்டர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் அளவு தாண்டி, பேக்கப் முழுவதுமே டிரிப் ஆகும். அப்பாவின் மெஷினும் சேர்த்து. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பது வேறு. அதனால் தனியாக ஒரு சின்ன டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ் வைக்கச் சொன்னேன். அப்பா அறை, மின்விசிறிகள், விளக்குகள், ஃபிரிட்ஜ், ரவுட்டர், இவை மட்டும் அதில். மற்றதெல்லாம் வெளிக் கரண்டில். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் செய்து கொடுத்தார்கள், ஆனால் வயரிங் சுத்தமாக இருக்கிறது; எந்த எம்சிபி (அளவு தாண்டினால் டிரிப் ஆகும் சுவிட்ச்) எதற்கு என்று ஒட்டியும் வைத்திருக்கிறார்கள்.

கூடவே ஒரு கைமாற்று சுவிட்ச். இன்வெர்ட்டரே படுத்துக்கொண்டால் அதைத் திருப்பினால் போதும், அந்த பாக்ஸ் நேரே வெளிக் கரண்டுக்குப் போய்விடும். கொட்டேஷனில் இது இல்லை. கேட்டு வாங்கினேன். நீங்களும் கேளுங்கள், அதுவும் வீட்டில் நோயாளி இருந்தால். எங்கள் வீட்டில் இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எந்த பேட்டரியும் அதற்கு மாற்று ஆகாது.

இனி பீப் கதை. வந்தது, ஒரு தடவை, வெளியே கரண்ட் போயிருந்த ஒரு விடியற்காலையில். ஆப்பில் பார்த்தால் பேட்டரி 20 சதவீதம் என்று நின்றிருந்தது. சரி, ஒன்றரை மணி நேரமாவது வருமே என்று நினைத்த கொஞ்ச நேரத்திலேயே சட்டென்று 11, பிறகு இருட்டு. அன்றைக்குச் சிலிண்டர்தான் கைகொடுத்தது.

இதில் இரண்டு விஷயம் சேர்ந்திருந்தது. ஒன்று, அவர்கள் வைத்துவிட்டுப் போன செட்டிங். வெளியே கரண்ட் இருக்கும்போதும் ராத்திரிச் செலவு முழுவதையும் பேட்டரியிலிருந்தே எடுத்து 20 சதவீதம் வரை இறக்கு என்று வைத்திருந்தார்கள். பில்லுக்கு அது நல்லது. ஆனால் கரண்ட் விடியற்காலையில் போனால் கையில் இருப்பது வெறும் அடிமண்டிதான். 10 சதவீதத்தில் பேட்டரி தானே நின்றுவிடும் என்பதால், உபயோகப்படுவது ஒரே ஒரு யூனிட்.

இரண்டாவது, அந்த 20 என்ற எண்ணே உண்மை இல்லை. இதை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ், ஏறக்குறைய நிரம்பியிருக்கும்போதும் பாதியில் இருக்கும்போதும் கிட்டத்தட்ட ஒன்றேதான், 3.2, 3.3 என்று. வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. அதனால் பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ், உள்ளே வந்த ஆம்பியர், வெளியே போன ஆம்பியர் என்று வரவு செலவு எழுதுகிறது, மளிகைக் கடைச் சிட்டை மாதிரி. அதில் சின்னச் சின்னப் பிழை சேரும். பேட்டரி ஒரு முறை முழுக்க நிரம்பும்போதுதான் வோல்டேஜ் விறுவிறுவென்று ஏறும். "இதுதான் நூறு" என்று சிட்டையைத் திருத்திக்கொள்ளும். அதற்கு முந்தைய நாட்களில் ஒரே மேகமூட்டம், பேட்டரி ஒரு நாளும் நிரம்பவில்லை. சிட்டை எங்கேயோ போயிருந்தது. இப்போது வெயில் சரியில்லாத நாட்களில் நடுவில் ஒரு முறை வெளிக் கரண்டிலேயே நூறு வரை ஏற்றிவிடுகிறேன். அதன் பிறகு எண் குதிக்கவே இல்லை.

எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதற்கு நான் போட்ட கணக்கு இது. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை கான்சென்ட்ரேட்டருக்கு 3.15 யூனிட். மூன்று மின்விசிறிக்கு 0.8. ஃபிரிட்ஜுக்கு அரை யூனிட். பிறகு இன்வெர்ட்டர், அது சும்மா இருக்கவே எந்நேரமும் 50 வாட் தின்கிறது. ஒன்பது மணி நேரத்துக்கு அதுவும் கிட்டத்தட்ட அரை யூனிட். ஆக ஐந்து. தொட முடியாத கடைசி 10 சதவீதத்தையும், பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும்போது ஆகும் நஷ்டத்தையும் சேர்த்தால், வெளியே கரண்ட் இருக்கும்வரை 65 சதவீதத்துக்குக் கீழே இறங்காதே என்று வைக்க வேண்டும். வைத்தேன். பில்லில் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும், பரவாயில்லை. பீப் அதற்குப் பிறகு வரவில்லை.

மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய விசிறி ஒவ்வொன்றும் 75 வாட். பிஎல்டிசி என்ற குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. மூன்றை மாற்றியதில் ஒரு ராத்திரிக்கு ஒன்றே கால் யூனிட் மிச்சம். இன்னொரு பேட்டரி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முதலில் தலைக்கு மேலே பார்க்கவும்.

பேனல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அவற்றின் பெருமை. மேலே ஏற்றினார்கள், வேலை செய்கின்றன. 5.4 கிலோவாட் என்று போட்டிருக்கிறதே, ஆப்பில் அந்த எண்ணைக் காணோமே என்று கேட்பவர்களுக்கு: அந்த அளவு செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது சோதனைக்கூடத்தில் எடுத்தது. நல்ல வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால் சூட்டிலேயே 12 சதவீதம் போய்விட்டது. எங்களுடையது கிழக்கு மேற்கு என்று பிரிந்திருப்பதால் உச்சி இன்னும் தாழ்வு. ஆனால் காலையில் சீக்கிரமே ஆரம்பித்துச் சாயங்காலம் வரை இழுக்கிறது. பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் கொட்டுவதைவிட இது வசதி. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் ஒரு பேனலை வைக்கப் பார்த்தார்கள், நகர்த்தச் சொன்னேன். ஒரு ஓரத்து நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கையே முடக்கிவிடும். கழுவுவது விடியற்காலையில், தூசி தெரிந்தால் மட்டும். கொதிக்கிற கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள்.

மழைக்காலத்தில் ஒரு தகராறு வந்தது. காலையில் இன்வெர்ட்டர் ஐசோலேஷன் ஃபால்ட் (பேனல் வயரிலிருந்து எங்கோ கரண்ட் கசிகிறது) என்று காட்டி சோலாரை எடுக்க மறுத்தது. வெயில் வந்து காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடும், அடுத்த மழையில் மறுபடி. ஆள் வந்து பார்த்தால், மேற்கு வரிசையில் பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் ஒன்று தளத்தில், தேங்கிய தண்ணீரிலேயே கிடந்தது. எல்லா கேபிளையும் பேனலுக்கு அடியில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் அவசரத்தில் விட்டுவிட்டார்கள். சரி செய்ய ஆள் அனுப்ப அவர்களுக்கு ஏகப்பட்ட நாள் ஆனது. அனுப்பிய பையன் கெட்டிக்காரன், கனெக்டரை மாற்றி, மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

நான் மார்க்கைக் குறைத்ததற்குப் பெரிய காரணம் பாஸ்வேர்டு. மேலே சொன்ன 20 சதவீதத்தை மாற்றப் போனால், செட்டிங் பக்கம் இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு கேட்டது. போன் செய்தால், "அதெல்லாம் நாங்கதான் மாத்துவோம் மேடம், நீங்க எதையாவது தொட்டா வாரண்டி போயிடும்." கிரிட், அதாவது வெளி லைன் சம்பந்தமான செட்டிங்கைப் பூட்டி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. என் வீட்டு பேட்டரியில் எனக்கு எவ்வளவு மிச்சம் வேண்டும் என்பதைப் பூட்டி வைக்க அவர்கள் யார்? கடைசித் தவணை இன்னும் கொடுக்கவில்லை என்பதை நினைவுபடுத்தினேன். அன்று சாயங்காலமே எனக்கென்று தனி லாகின் வந்தது. கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்பே இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மிச்ச சதவீதம், சார்ஜ் செய்யும் நேரம், வெளிக் கரண்டில் ஏற்றுவது, இந்த மூன்றும் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும் என்று.