ஆர்லாண்டோ ஹாலோவீன்: யூனிவர்சல் பேய் வீடா, டிஸ்னி பார்ட்டியா?

பகலில் கேளிக்கைப் பூங்காவுக்குள் போகவே ஒரு டிக்கெட், இருட்டினால் அதே பூங்காவுக்கு இன்னொரு டிக்கெட். ஹாலோவீன் (அக்டோபர் 31, பேய் வேஷத் திருநாள்) சமயத்தில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ போகிறவர்களுக்கு முதலில் உறைப்பது இதுதான். நாங்கள் டிஸ்னி, யூனிவர்சல் இரண்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு, இப்போது யூனிவர்சலோடு நின்றுவிட்டோம். அதுவும் செப்டம்பர் தொடக்கத்தில், வார நாளில் மட்டும்.

டிஸ்னியை முதலில் முடித்துவிடுகிறேன். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நடக்கும் ‘மிக்கீஸ் நாட்-ஸோ-ஸ்கேரி ஹாலோவீன் பார்ட்டி’ பெயருக்கேற்றபடி பயமுறுத்தவே பயமுறுத்தாது. அதற்கென்று தனியாகப் பேய் வீடு கட்டுவதில்லை. இரவு 7 முதல் 12 வரை பார்ட்டி; டிக்கெட் இருந்தால் மாலை 4 மணிக்கே உள்ளே விடுகிறார்கள். மற்ற நாட்களில் பெரியவர்கள் வேஷம் போட்டுக்கொண்டு வரமுடியாது, அன்றைக்கு வரலாம். கை நிறைய மிட்டாய், தலையில்லாத குதிரைவீரன் முன்னால் பாய்ந்து வரும் ஊர்வலம், வாணவேடிக்கை. டிக்கெட் ஆகஸ்டில் சுமார் 120 டாலர், அக்டோபர் கடைசியில் 200 பக்கம் போய்விடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேறு யோசனையே வேண்டாம். நாங்கள் பிள்ளைகள் இல்லாமல் போனவர்கள், அதனால் டிஸ்னியைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

யூனிவர்சல் வேறு ரகம். 1991இல் ‘ஃப்ரைட் நைட்ஸ்’ என்று மூன்றே இரவுகள் நடத்திப் பார்த்தார்கள். மறுவருடம் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ ஆனது. இன்று ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ ஆரம்பித்து நவம்பர் வரை ஓடுகிறது. 10 பேய் வீடுகள், அதாவது ஒளிந்திருக்கும் நடிகர்கள் பயமுறுத்த, நாம் நடந்து கடக்கும் செட்டுகள். அதுபோக, தெருவிலேயே நடிகர்கள் மேலே பாய்ந்து வரும் பகுதிகள் சில. படப்பிடிப்புத் தளங்களிலும் பூங்காவின் பின்புறம் போட்ட பெரிய கூடாரங்களிலும் வீடுகளைக் கட்டி, சீசன் முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் எல்லாம் புதிது. செட் வேலையைப் பார்த்தால் காசு எங்கே போகிறது என்று புரியும். சில வீடுகளில் வாடையைக்கூட விட்டுவைக்கவில்லை, அழுகல் நாற்றம் வரைக்கும் செய்து வைத்திருக்கிறார்கள். நடிகர்கள் நம்மைத் தொடமாட்டார்கள், நாமும் தொடக்கூடாது. 13 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சரி, விலை. சாதாரண டிக்கெட் நாளைப் பொறுத்து சுமார் 85 டாலரிலிருந்து 120 வரை. பார்க்கிங், சாப்பாடு தனி. ஆனால் இந்த வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லாவற்றையும் தீர்மானிப்பது வரிசைதான்.

ஒரு பேய் வீட்டுக்குள் நடக்க ஆகும் நேரம் மூன்று, நான்கு நிமிடம். பத்தையும் பார்த்தால் மொத்தம் அதிகபட்சம் 40 நிமிடம். செப்டம்பர் புதன்கிழமை 90 டாலர் கொடுத்து எல்லாம் பார்த்தால் நிமிடத்துக்கு இரண்டேகால் டாலர். அக்டோபர் சனிக்கிழமை, பேர்போன ஒரு வீட்டுக்கே இரண்டு மணி நேரம் நிற்க நேரலாம். இரவு முழுக்க ஐந்து வீடு பார்த்தாலே பெரிது. அதாவது 120 டாலருக்கு 20 நிமிடம், நிமிடத்துக்கு 6 டாலர். தனி வரிசையில் சீக்கிரம் விடும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமே என்பீர்கள். கூட்ட நாட்களில் அதன் விலை டிக்கெட்டைத் தாண்டிவிடும். 200 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட இரண்டும் சேர்த்து 320, பத்து வீட்டையும் பார்த்தாலும் நிமிடத்துக்கு 8 டாலர். அதுவும் ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான். யூனிவர்சல் ஓட்டலில் தங்கினால் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் இந்த இரவுகளுக்குச் செல்லாது, அதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் மட்டும் போனால் பரவாயில்லை, கூட்டம் பயத்தையும் கெடுத்துவிடுகிறது. ஆட்களை இடைவெளி விட்டு அனுப்புவதில்லை. கோயில் தரிசன வரிசை மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும். நமக்கு நாலு ஆள் முன்னால் போகிறவர் அலறுவார். சுவருக்குப் பின்னாலிருந்து பேய் வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். நாம் அங்கே போய்ச் சேரும்போது நடிகர் திரும்ப ஒளிந்துகொண்டிருப்பார். எக்ஸ்பிரஸில் வந்தவரும் கடைசியில் இதே வரிசைக்குள்தான் நுழைகிறார். 320 டாலர் கொடுத்தும் இதைத் தவிர்க்க முடியாது. கூட்டம் குறைந்த இரவில் முன்னால் இடைவெளி கிடைக்கும்போதுதான் இவர்கள் கட்டிய வீடு என்ன வேலை செய்கிறது என்று தெரியும்.

எங்கள் வழி இது. பகல் டிக்கெட்டோடு உள்ளேயே இருப்பது. அன்று பொதுமக்களுக்குப் பூங்கா 5 மணிக்கு மூடிவிடும். இரவு டிக்கெட்டும் வைத்திருப்பவர்களைச் சில இடங்களில் நிறுத்திவைத்து, வெளிக்கதவு 6:30க்குத் திறக்கும் முன்பே சில வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ‘ஸ்டே அண்ட் ஸ்க்ரீம்’ என்று பெயர். இருட்டுவதற்குள் இரண்டு மூன்று வீடுகள் முடிந்துவிடும். அப்புறம் வரிசைப் பக்கமே போகாமல் தெருவைச் சுற்றிவிட்டு, நள்ளிரவுக்கு மேல் மிச்சத்தைப் பார்ப்போம். கடைசி ஒரு மணி நேரத்தில் வரிசை நன்றாக வற்றிவிடும்.

செப்டம்பரில் புழுக்கமும் மாலை மழையும் உண்டு, மழை வந்தால் தெரு நடிகர்கள் உள்ளே போய்விடுவார்கள். புயல் காலமும் அதுதான். 2024 அக்டோபரில் மில்டன் புயலுக்குப் பூங்காக்களே மூடிக்கிடந்தன. அதனால் விமான டிக்கெட் போடும்போது ஓர் இரவு உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்லாண்டோவின் இன்னொரு பூங்காவான ஸீவேர்ல்டில் 2021 முதல் நடக்கும் ‘ஹவ்ல்-ஓ-ஸ்க்ரீம்’ இவற்றைவிட மலிவு. வீடுகளும் குறைவு, கூட்டமும் குறைவு. ரோலர்கோஸ்டர்களில் இருட்டில் ஏறிப் பார்ப்பதே அங்கே எனக்குப் பிடித்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் அது எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் போதாது. ஆனால் அக்டோபர் சனிக்கிழமை ஒன்றுதான் கையில் இருக்கிறது, எக்ஸ்பிரஸுக்குக் காசில்லை என்றால், யூனிவர்சலை விட்டுவிட்டு அங்கேதான் போவேன்.