டேங்க் காலியாகிற இடத்தில்தான் என் இம்ப்ளான்ட்

பல் இடுக்கில் தண்ணீர் பீச்சிச் சுத்தம் செய்கிற என்னுடைய கார்ட்லெஸ் வாட்டர் ஃப்ளாசர் போன வாரம் ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. சார்ஜ் போடும் துளையை மூடுகிற ரப்பர் தளர்ந்து உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டதாம். தண்ணீரிலேயே புழங்குவதற்கென்று செய்த பொருள் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போவதை என்னவென்று சொல்ல! அதே நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கும் கடைவாயில் இம்ப்ளான்ட், அதாவது போன பல்லின் வேருக்குப் பதில் எலும்பில் இறக்கும் டைட்டானியம் திருகு, வைத்தாகிவிட்டது. அதன் மேல் கேப் (செயற்கைப் பல்) போட நாள் குறித்திருக்கிறார்கள். "உன்கிட்ட இருக்கிற மாதிரி நானும் ஒண்ணு வாங்கிரலாமா?" போனில் அவருக்குச் சொன்னது பாதி. மீதிப் புலம்பல் இங்கே.

எத்தனை மோட், எத்தனை முனை, சார்ஜ் எவ்வளவு நாள் நிற்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. என் குறை ஒன்றே ஒன்றுதான்: டேங்க். 200 மில்லி. நடுத்தர வேகத்தில் வைத்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கையேடு சொல்கிறபடி மேல்வரிசைக் கடைவாயில் ஆரம்பித்து, ஈறு ஓரமாக ஒவ்வொரு பல்லாக நகர்த்தி, கீழ்வரிசையையும் சுற்றிக்கொண்டு வலது கடைசிக்கு வந்தால், சரியாக அங்கே 'ஸ்ஸ்' என்று காற்று வருகிறது. என் இம்ப்ளான்ட் அங்கேதான் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாத முன்பற்களுக்கு ராஜ உபசாரம். எதற்காக மெஷின் வாங்கினேனோ அதற்கு வெறுங்காற்று.

அங்கிருந்தே ஆரம்பிக்க வேண்டியதுதானே என்பீர்கள். அப்படித்தான் செய்கிறேன். அன்றைக்கு மேல் இடது கடைவாய் பட்டினி. அங்கே ஏற்கெனவே ஈறு இறங்கிய சொந்தப் பற்கள் இருக்கின்றன, அவையும் லேசுப்பட்டவை இல்லை. நடுவில் நிறுத்தி மறுபடி நிரப்பலாம்தான். ஈரக்கையோடு அந்தச் சின்ன மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, குழாயடியில் சாய்த்துப் பிடித்தால் பாதித் தண்ணீர் டேங்கில், பாதி மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள். சர்வீஸில் கேட்டேன். "இது நார்மல்தான்" என்றார்கள். நார்மல் என்பதுதான் என் புகாரே.

ஒரு டேங்க் தண்ணீருக்கா இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். அந்தக் கேப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கோபம் புரியும். சொந்தப் பல்லில், ஈற்றின் நார்கள் வேரின் மேற்பரப்புக்குள்ளேயே குறுக்காகப் புகுந்து பிடித்திருக்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு தசைநாரும் உண்டு. டைட்டானியம் திருகில் இரண்டும் கிடையாது. எலும்பு நேரடியாக உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ஈறு சும்மா சுற்றி அணைத்து நிற்கிறது. நார்கள் உள்ளே நுழையாமல் பக்கவாட்டிலேயே ஓடுகின்றன. ஆக, அழுக்கு கீழே இறங்க வழி சுலபம். கடைவாய் கேப் அகலம், அதைத் தாங்கும் கழுத்து ஒல்லி. குடைக்கம்பியின் மேல் குடை விரித்தது போல. பிரஷ் குடையின் மேல்பக்கத்தைத்தான் பளபளப்பாக்கும். கீழே கம்பி ஓரத்தில் தேங்குவது அப்படியே கிடக்கும்.

இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது. அதை வைத்துக்கொண்டு 'இனி கவலையே இல்லை' என்று நினைப்பவர்கள் நிறைய. ஈறு வீங்குவதற்கு அது ஒன்றும் தடையில்லை. வெறும் ஈற்று வீக்கத்தோடு நின்றால் அது மியூகோசைட்டிஸ், ஒழுங்காகச் சுத்தம் செய்தால் திரும்பிவிடும். எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ், கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. இதில் கொடுமை, பெரும்பாலும் வலிக்காது. அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் 2017-இல் கூடி வகுத்த வரையறையிலும், ஈறு ஓரத்தில் ஆழம் பார்க்கும் மெல்லிய கம்பியான ப்ரோப்பை மெதுவாக வைத்தால் ரத்தம் கசிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. வலிக்கிறதா என்பதல்ல. புகைபிடிப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், முன்பே ஈறு நோயால் பல்லை இழந்தவர்கள் இன்னும் கூடுதலாகப் பயப்பட வேண்டும். நான் மூன்றாவது ரகம்.

இந்த டைட்டானியம் இம்ப்ளான்ட்டின் முன்னோடியான பிரோனேமார்க் ஸ்வீடனில் 1965-இல் முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்த யோஸ்டா லார்சன், 2006-இல் இறக்கும்வரை அதே இம்ப்ளான்ட்களோடுதான் இருந்தார். இந்தக் கதையைச் சொல்லி 'ஆயுசுக்கும் கியாரண்டி' என்று விற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நாற்பது வருடம் தாங்கியது உண்மை. நாற்பது வருடமும் சும்மா விட்டிருந்தால் தாங்கியிருக்குமா என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, மெஷினைத் திட்டியது போதும், செய்ததையும் சொல்ல வேண்டும். கேப் போட்ட புதிதில் துப்பும்போது இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தது. இதைத் தினமும் ராத்திரி பிடிக்க ஆரம்பித்த பிறகு அது நின்றது. பீச்சும்போது வாஷ்பேசினில் வந்து விழுகிற துணுக்குகளைப் பார்த்தால், அதற்கு முன் அரைமணி நேரம் பிரஷ் பண்ணியிருந்தாலும் வெட்கமாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், ஆகக் குறைந்த வேகம், முனையை ஈறு ஓரத்துக்கு நேர்குத்தாகப் பிடிப்பது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்நோக்கிப் பீச்சாமல் இருப்பது: இவ்வளவுதான் பழக வேண்டியது. நாக்குப் பக்கம்தான் சிரமம். நாக்கு தானாக வந்து முனையைத் தள்ளும். கீழே குனிந்து, வாயை லேசாகத் திறந்து, தண்ணீரைத் தானாக வழிய விட்டால் சரியாகும்.

ஆனால் ரிப்பேருக்குப் போயிருந்த நாட்களில் ஒன்று நடந்தது. பல் இடுக்கில் நுழைக்கிற குட்டி இன்டர்டென்டல் பிரஷ்தான் கையில் மிச்சம். முன்பும் வைத்திருந்தேன், ஃப்ளாசர் இருக்கிற தைரியத்தில் அவ்வப்போதுதான் எடுப்பேன். இப்போது வேறு வழியில்லாமல் தினமும். பிரஷின் கழுத்தை லேசாக வளைத்து, கன்னப் பக்கமிருந்து கேப்பின் ஓரத்தில் நுழைத்தால் முதலில் கொஞ்சம் தடுக்கும். பிறகு மயிர்கள் ஒரு பக்கமாகப் படிந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஃப்ளாசர் பிடித்த வாயில்கூட அந்த வாடை ஒளிந்திருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. சில நாளில் வாடை போய்விட்டது. அடுத்த செக்கப்பில் டாக்டர் ப்ரோப் வைத்துச் சுற்றி வந்தார், ஒரு சொட்டு ரத்தமில்லை. எக்ஸ்ரேயிலும் எலும்பு மட்டம் போன தடவை போலவே. அப்போது மெஷின் சர்வீஸ் சென்டரில் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர், தளர்ந்து கிடப்பதை அடித்துக்கொண்டு போகும். ஒட்டிக்கொண்ட படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் இந்த வித்தியாசம் வராது.

பிரஷ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுக்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும், வெறும் உலோகக் கம்பி டைட்டானியத்தைக் கீறும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐஎஸ்ஓ அளவு எண் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒவ்வொரு அளவு வரலாம், முதல் தடவை டாக்டரிடமே அளந்து கேட்டுக்கொள்வது நல்லது. நூல் ஃப்ளாஸ் எனக்கு ஒத்துவரவில்லை. பிய்ந்த நார் இம்ப்ளான்ட்டின் சொரசொரப்பில் சிக்கி, அதனாலேயே ஈறு வீங்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்ன நாள் கணக்குக்கு மட்டும். நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாறும். கரித்தூள் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள்.

ஆக நண்பருக்கு என் பதில்: இந்த மாடல் வேண்டாம். ஒரே ஒரு இம்ப்ளான்ட் என்றால் நல்ல இன்டர்டென்டல் பிரஷ், கூடவே கடைசிப் பல்லின் பின்புறத்துக்கு ஒற்றைக்குஞ்சப் பிரஷ், அது போதும். பல இம்ப்ளான்ட்களைச் சேர்த்துப் பிரிட்ஜ் போட்டவர்கள், முழுத் தாடைக்கும் நிரந்தரப் பல்செட் திருகியவர்கள், கைவிரல் ஒத்துழைக்காதவர்கள் ஃப்ளாசர் வாங்குங்கள். அப்போதும் 600 மில்லிக்குக் குறையாத டேங்க் உள்ள டேபிள் மாடலாக. நட்சத்திரம் கேட்டால் என்னுடையதற்கு ஐந்துக்கு இரண்டு. அதுவும் அந்த ரப்பர் மூடி இந்தத் தடவையாவது நிற்கும் என்ற நம்பிக்கையில்.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "சரி, உனக்குத்தான் பிரஷ் போதுமே. புது முனை நான் வாங்கிப் போட்டுக்கறேன், கொஞ்ச நாளைக்கு அந்த மெஷினைக் கொடேன், பார்க்கிறேன்" என்றார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.