யுனெஸ்கோ பரிந்துரையா, ஐரோப்பியச் சட்டமா: தோட்டத்துக்கு எது உதவும்?

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறையைப் பார்த்து ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியே அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் என்ன செய்வது? கணக்கப்பிள்ளையிடமாவது நின்று வாதாடலாம்.

2021 நவம்பரில் 193 நாடுகள் ஏற்ற, செயற்கை நுண்ணறிவின் அறநெறி பற்றிய யுனெஸ்கோ பரிந்துரை இலங்கைக்கும் பொருந்தும். மனித உரிமை, வெளிப்படைத்தன்மை, மனிதர் மேற்பார்வை எல்லாம் அதில் உண்டு. மீறினால் தண்டனைதான் இல்லை.

2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் வேறு மாதிரி. தொழிலாளரைக் கண்காணித்து மதிப்பிடும் மென்பொருளை உயர் அபாய வகையில் வைக்கிறது. வேலையிடத்தில் முகத்தையும் குரலையும் வைத்து உணர்ச்சியை ஊகிப்பதை, மருத்துவ, பாதுகாப்புத் தேவை தவிர, தடுக்கிறது. அந்தத் தடையை மீறினால் அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 சதவீதம் வரை போகலாம். கம்பனிகள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் அது ஐரோப்பியச் சந்தைக்கானது, நம் மலைக்கு ஏறி வராது.

எனக்கு இரண்டாவது வழிதான் வேண்டும், நம் நாட்டுச் சட்டமாக. தானியங்கி முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையை 2022இன் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. செயலி ஒரு நாட்டில், தரவு இன்னொரு நாட்டில் என்றால் நாடுகள் கைகோர்க்காமல் அந்த உரிமையை நடைமுறைப்படுத்த முடியாது. தொழிற்சங்கங்கள் இதைச் சம்பளப் பேச்சுவார்த்தையிலேயே கேட்கத் தொடங்க வேண்டும்.