பிளீக்லோ விமானச் சிதைவு கைடட் வாக் - போலாமா வேணாமா?

இங்கிலாந்துல டெர்பிஷயர் பீக் டிஸ்ட்ரிக்ட்ல, ஸ்நேக் பாஸ்ங்குற மலைப்பாதைல இருந்து பிளீக்லோ மேட்டுல இருக்குற ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் உச்சி வரைக்கும் கூட்டிட்டு போற வாக் இது. உச்சி 621 மீட்டர் உயரம், வழியெல்லாம் கறுப்பு சகதி, நல்ல பூட்ஸ் இல்லன்னா போகவே போகாதீங்க.

அங்க கெடக்குறது அமெரிக்க பி-29 ரக பெரிய ராணுவ விமானம், பேரு 'ஓவர்எக்ஸ்போஸ்டு'. 1946-ல பிகினி தீவு அணுகுண்டு சோதனைய படம் எடுத்த விமானம், 1948 நவம்பர் 3 அன்னிக்கு ஸ்காம்ப்டன்ல இருந்து பர்டன்வுட்டுக்குப் போறப்ப மேகத்துக்குள்ள இறங்கி மேட்டுல மோதிருச்சு, 13 பேருமே போயிட்டாங்க. இஞ்சினெல்லாம் இன்னும் அப்டியே கெடக்கு.

ஆனா எனக்கு மனசு கனத்துப் போனது பக்கத்து ஜேம்ஸஸ் தார்ன் நினைவுக்கல்லுகிட்டதான். அங்க மோதுனது கனடா விமானப்படை லங்காஸ்டர் பாம்பர், 1945 மே 18, ஐரோப்பாவுல சண்ட முடிஞ்சு பத்தே நாள், வெறும் பயிற்சிப் பறப்பு, ஆறு பேர்ல ஒருத்தர்கூட பிழைக்கல. இத்தன நாள் குண்டுக்கு நடுவுல தப்பிச்சவங்களும் இருந்திருப்பாங்களோ என்னவோ.

கைடு நல்லா தெரிஞ்சவர், நிதானமா சொல்றார், ஆனா லங்காஸ்டர் இடத்துல அவசரப்படுத்துனாரு, அது பிடிக்கல. நாலு ஸ்டார். துண்டு ஒண்ணுகூட எடுக்காதீங்க, அது செத்தவங்க இடம். மூடுபனி இருந்தா வேற நாளுக்கு மாத்தித் தராங்க, மாத்திக்கோங்க.