பாஹியா மொகேக்கா, எஸ்பிரித்து சாந்து மொகேக்கா: இரு மீன் குழம்புகள்

பிரேசிலின் மொகேக்கா என்னும் மீன் குழம்பைப் பாஹியா, எஸ்பிரித்து சாந்து ஆகிய இரு மாநிலத்தாரும் தம்முடையதென உரிமை கொண்டாடுகின்றனர். வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு ஆகியவை இரண்டிற்கும் பொது. பாஹியாவில், ஆப்பிரிக்க மரபின் வழிவந்த செம்பனை எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குடமிளகாயும் சேர்வதால் குழம்பு கெட்டியாகவும் மணம் தூக்கலாகவும் அமைகிறது.

எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில் செம்பனை எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கிடையாது. ஆலிவ் எண்ணெயில் அன்னாட்டோ விதையின் செந்நிறத்தை இறக்கி, பெரும்பாலும் தண்ணீரே ஊற்றாமல், காய்களும் மீனும் விடும் சாற்றிலேயே வேகவைக்கின்றனர். இதற்குரிய கருஞ்சட்டியை விட்டோரியா நகரின் கொய்யாபெய்ராஸ் பகுதிப் பெண்கள் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்து, திறந்தவெளி நெருப்பில் சுட்டு, சூடு ஆறுமுன் அலையாத்தி மரப்பட்டைச் சாற்றைத் தெளித்துக் கருமையேற்றுகின்றனர். 2002-இல் பிரேசில் அரசு தன் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் முதலாவதாகப் பதிந்தது இக்கைவினையைத்தான்.

இறால் சமைப்பதானால் பாஹியா முறையே சிறப்பு. செம்பனை எண்ணெய் பழகாத வயிற்றுக்குச் சற்றுக் கனம்தான். புதிதாகப் பிடித்த நல்ல மீன் கையிலிருந்தால், அதன் சுவையை மறைக்காத எஸ்பிரித்து சாந்து முறையையே நான் தேர்வேன்.