450 ரூபாய் பிரேக் பேடும் ஏற்காடு இறக்கமும்

டூ வீலருக்குப் பிரேக் பேட் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது என் பைக்கின் முன் பிரேக் பிடிக்காமல் போனது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கும். காரணம், "ஒரிஜினல்" என்று சொல்லி எனக்கு மாட்டிவிட்ட 450 ரூபாய் பேட்.

வண்டி பல்சர் 150. 22,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வர ஆரம்பித்ததும், வீட்டுக்குப் பக்கத்து ஒர்க் ஷாப்பில் விட்டேன். ஆயில் மாற்ற இரண்டு மூன்று முறை போன இடம்தான். சாயந்திரம் வண்டி தயாராக நின்றது. "கம்பெனி பேட்தான் சார், பயப்படாம ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். டப்பாவைக் காட்டச் சொல்லவில்லை. பழைய பேட்டைக் கேட்கவில்லை. துண்டுச் சீட்டில் எழுதிய தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊருக்குள் இரண்டு வாரம் ஓட்டினேன். லீவரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. புது பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கோடு படிந்து உட்கார 200, 300 கிலோமீட்டர் ஆகும், அதுவரை பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சந்தேகமே வரவில்லை.

ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது மூன்றாவது கியரில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தேன். இரண்டாவது கியரில் இறங்கியிருக்க வேண்டும், அது என் தவறு. பாதி வழியில் ஒரு கருகல் வாடை. முன்னால் போகிற லாரியுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் லீவரைப் பிடித்தால் கல் மாதிரி இறுகி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, வளைவின் உள்பக்கச் சுவரோரம் ஒதுக்கித்தான் நிறுத்த முடிந்தது. இறங்கிப் பார்த்தால் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது.

லீவர் இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் கோளாறு பேடில். மட்டமான பேடில் மசாலாவை, அதாவது டிஸ்க்கில் உரசும் பொருளை, ஒட்டவைக்கும் பிசின், சூடு ஏறியதும் வாயுவாகக் கிளம்பி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் படலமாக நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டால் அது வேறு நோய்: பிரேக் ஆயில் கொதித்திருக்கும், இல்லை காற்று புகுந்திருக்கும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து கீழே வந்தோம். மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம், ஒரு பெரியவரிடம், காட்டினேன். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, பேடைக் கையில் எடுத்தவர், கட்டைவிரல் நகத்தால் அதன் ஓரத்தை நெம்பினார். இரும்புத் தகட்டிலிருந்து மசாலா பிஸ்கட் மாதிரி விண்டு வந்தது. "தம்பி, இது பேடே இல்ல. பசை போட்டு ஒட்டின மண்ணு" என்றார். இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் தகடு மட்டும்தான் டிஸ்க்கில் உரசியிருக்கும். டிஸ்க்கும் கோடு கோடாக அரிக்கப்பட்டிருந்தது, மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு மட்டும் 2,000 ரூபாய்க்கு மேல்.

அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பேடை எப்போது மாற்றுவது என்பதைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கும் பைபாஸில் ஓடும் வண்டிக்கும் ஒரே கணக்கு வராது. செல்போன் டார்ச்சைக் காலிப்பருக்குள் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான பேடுகளில் நடுவில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தப் பள்ளம் மறையப் போகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. மசாலா 2 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். 1 மில்லிமீட்டருக்குக் கீழே ஓட்டவே கூடாது. உள்பக்கப் பேடையும் வெளிப்பக்கப் பேடையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னில் (pin) கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டாலும் அப்படியேதான் தேயும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமனும் அதன் மேலேயே பொறித்திருக்கும், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

பேட் தேயத் தேய, மேலே ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் தானாக இறங்கும். குறைகிறதே என்று ஊற்றிவைத்தால், புதுப் பேட் போட்டு, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது வழிந்து டேங்க் பெயிண்டை அரித்துவிடும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எந்தப் பேட் வாங்குவது? 100, 150 சிசி வண்டியில் தினமும் வேலைக்குப் போய் வருபவருக்கு, வண்டிக் கம்பெனியின் சொந்தப் பேடே போதும். சின்டர்டு பேட் என்பது உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்வது. சூட்டையும் மழையையும் நன்றாகத் தாங்கும், ஆனால் டிஸ்க்கைச் சீக்கிரம் தேய்க்கும். கனமான வண்டியில் ஆள், சாமான் ஏற்றி அடிக்கடி மலை ஏறுபவர்களுக்கு அது சரி, உங்கள் டிஸ்க் அதற்கு ஏற்றதுதானா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். கம்பெனியே சின்டர்டு கொடுத்திருந்தால் அதையே தொடருங்கள். சென்னையிலேயே பிரேக் பேட் தயாரிக்கும் பழைய, நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுடையதை நம்பி வாங்கலாம், ஆனால் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம். நான் இப்போது நானே போய் வாங்கி, பில்லோடு மெக்கானிக் கையில் கொடுக்கிறேன். மாட்டும்போது பக்கத்தில் நிற்கிறேன். பழைய பேடைக் கேட்டு வாங்கி வருகிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

அப்புறம் அந்த முதல் கடைக்குப் போனேன். விண்டுபோன பேடை மேசையில் வைத்ததும் அவர் அதிகம் பேசவில்லை. அதே பேடின் டப்பாவைக் காட்டச் சொன்னேன். எடுத்துத் தந்தார். கம்பெனி பெயர் அச்சாக இருந்தது. ஹாலோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் சாதா வெள்ளி ஸ்டிக்கர், சாய்த்துப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. பேக் செய்த மாதமும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "லைன்ல வர்ற பையன் கொடுப்பான் சார்" என்றார். 450 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அதே டப்பாக்கள் இன்னும் ஏழெட்டு அந்த அலமாரியில் அடுக்கியிருந்தன. வெளியே ஒரு ஸ்கூட்டியின் முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்கூட்டிக்காரப் பெண்ணிடம் போய், டப்பாவைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.