தோட்ட மேற்பார்வைக்கு நம்பர் போட்ட டூப்ளிகேட் புத்தகம்

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வேலைக் குறைபாட்டையும் ஒழுக்கப் பிரச்சினையையும் பதிய, சீ.ஆர். கொப்பியை (கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி) விட நம்பர் அச்சிட்ட டூப்ளிகேட் புத்தகம் எவ்வளவோ மேல். ஹட்டன், நுவரெலியா புத்தகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். கொப்பியில் எழுதினால் அது மேற்பார்க்கும் உத்தியோகத்தரிடமே கிடக்கும். யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்கு மாதக்கணக்கில் தெரியாது. இதில் மேல்தாளைக் கிழித்து அன்றைக்கே அவர் கையில் கொடுக்கலாம். கார்பன் பிரதி புத்தகத்தில் நிற்கும். பிறகு யாரும் ஒரு வரியை நுழைத்தால் இரண்டு தாளும் ஒத்துவராது.

வாங்கும்போதே நம்பர் விடுபட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். எழுதும்போது பிரதிக்கு அடியில் தடித்த அட்டை வைக்காவிட்டால் அடுத்த தாளிலும் பதிந்துவிடும். மழை நாளில் ஜெல் பேனை கரையும். போல்பொயின்ட் பேனையை அழுத்தி எழுதுங்கள். பிழையாக எழுதிய தாளைக் கிழிக்கக் கூடாது. இரண்டிலும் ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்திலேயே விட வேண்டும்.

எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘சோம்பேறி’, ‘திமிர் பிடித்தவர்’ என்பதெல்லாம் பதிவாகாது. திகதி, நேரம், மலை (கொழுந்து எடுத்த தேயிலைப் பகுதி) நம்பர், பிறகு ‘நோர்ம் 18 கிலோ, நிறுவை 11 கிலோ, அரைப்பேர்’ என்று எழுதுங்கள். நோர்ம் என்பது அன்றைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு; அரைப்பேர் என்பது அரைநாள் சம்பளம். அன்று அதே மலையில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள், மழையா, பெப்ரவரி வறட்சியில் கொழுந்தே இல்லையா என்பதும் வேண்டும். அது இல்லாத பதிவைத் தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத்தின் தோட்டப் பிரதிநிதி) விசாரணையில் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். உடைப்பதும் நியாயம்தான்.

தமிழிலேயே எழுதுங்கள். துரைக்காக (தோட்ட மனேஜருக்காக) ஆங்கிலத்தில் எழுதியதில், வாசிக்கத் தெரியாதவரிடம் கையொப்பம் வாங்குவது அநியாயம். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கை அவருடைய விளக்கத்துக்கு விடுங்கள். கையொப்பமிட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ‘வாசித்துக் காட்டப்பட்டது, கையொப்பமிட மறுத்தார்’ என்று நேரத்தோடு எழுதிச் சாட்சியின் கையொப்பம் வாங்கினால் போதும். ஒரு தாளில் ஒரு தொழிலாளரைப் பற்றி மட்டுமே எழுதுங்கள்.

இது எச்சரிக்கைக் கடிதத்துக்கோ உள்ளக விசாரணைக்கோ மாற்று அல்ல. ஒழுக்காற்று நடவடிக்கையாக வேலை நீக்கினால், இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்க வேலை நீக்கச் சட்டப்படி இரண்டாவது வேலை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தொழில் நியாய சபைக்குப் போக அவருக்கு ஆறு மாத அவகாசம் உண்டு; வழக்கு அதற்குப் பின்னும் நீளும். அதனால் நிரம்பிய புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரே குறை, பெயர் வாரியாகத் தேட வழியில்லை. பெயர், செக்ரோல் (வரவு, சம்பளப் பதிவேடு) நம்பர், தாள் நம்பர் மூன்றையும் தனியாக ஒரு சின்னக் கொப்பியில் குறித்து வரவேண்டும்.